மீனா வந்தாள், பூனை வந்தது: ஒரு படப் புத்தகத்தின் நிகழ்வு ஆய்வு

மீனா என்று ஒரு சிறுமி. அவளிடம் ஒரு பூனை. இருவரும் நல்ல கூட்டாளிகள்.

பாருங்கள், 'இருவரும்' என்று எழுதிவிட்டேன். பூனையையும் சேர்த்து 'இருவர்' என்று சொல்லப் பள்ளி இலக்கணம் இடம் கொடுக்காது. கை தானாக எழுதிவிட்டது. இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும் சிக்கல்தான் எங்களை ஐந்து மாதம் அலைக்கழித்தது. சின்னப் பிள்ளைகளுக்கு 24 பக்கத்தில் ஒரு பாட்டுப் புத்தகம் போடலாம் என்று மலேசியாவின் பினாங்கில் மூன்று பேர் சேர்ந்தோம். அது எங்கே இடறியது, எப்படி எழுந்தது, எது கடைசிவரை சரிவரவில்லை என்பதை, இதே மாதிரி வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எழுத்து நான். படம் வரைந்தவள் பக்கத்து புளோக்கில் இருக்கும் தங்கை, விளம்பரப் படங்கள் வரைந்து பிழைப்பவள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் இருவருக்கும் அவர் 'ஐயா'. ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒன்றில், சனிக்கிழமை காலைகளில் கீழ்த்தள மண்டபத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்போம். ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகள், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். பாய் விரிப்பவர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு 'டீச்சர்'தான்.

அந்தப் பிள்ளைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரி முடிவில் ஓசை ஒன்றும் பூனைப் பாட்டு, நாய்ப் பாட்டு எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். தமிழில் கேட்டால் 'நிலா நிலா ஓடி வா'வோடு நின்றுவிடுவார்கள். சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று தொடங்கியதுதான். முதலில் நாய் என்றுதான் பேச்சு. எங்கள் மாடியில் நாய் வளர்க்க யாருக்கும் தோதுப்படாது, லைசென்ஸ் வேறு எடுக்க வேண்டும். பூனையோ யாரையும் கேட்காமல் வந்து செருப்புத் தட்டில் படுத்துக்கொள்கிறது. ஆகவே பூனை.

'தது!'

முதல் படியின் தொடக்கம் இது:

மீனா வீட்டில் பூனை இருந்தது
மெத்தை மேலே ஏறிப் படுத்தது
பாலைக் கண்டதும் பாய்ந்து குடித்தது
பானையை உருட்டிக் கீழே போட்டது

எழுதியபோது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வரிகள் நன்றாக முடிகின்றன, கை தட்டினால் தாளம் விழுகிறது. வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை வாசித்தேன். இரண்டாவது பக்கம் வரை பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். மூன்றாவது பக்கத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன், நான் வரியை முடிப்பதற்கு முன்பே 'தது!' என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வரிக்கு இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள். ஐந்தாவது பக்கம் போவதற்குள் ஒன்பது பேரும் 'தது! தது!' என்று தொடையில் தட்டிக்கொண்டு கத்த, பூனை என்ன செய்தது என்று கேட்பதற்கு ஆளே இல்லை. வெளியே போகும்போதும் லிஃப்டுக்குள்ளிருந்து 'தது' கேட்டது.

நான் அதை வெற்றி என்று நினைத்தேன். ஐயா இல்லை என்றார். 'பிள்ளைகள் பாட்டைப் பாடவில்லை அம்மா, அதன் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்றார்.

அவர் சொன்னது சரிதான். தமிழில் வரி முடிவில் ஓசை ஒன்றுவதற்கு இயைபு என்று பெயர், பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. அங்கே ஒரே ஓசையில் முடியும் இரண்டு சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், கிடைத்தால் ஒரு சின்ன அதிசயம். தமிழில் வினைச்சொல்லை வரியின் கடைசியில் வைத்தாலே போதும், விகுதி தானாக ஒன்றிவிடும். இருந்தது, படுத்தது, குடித்தது, போட்டது. ஒரு வியர்வையும் இல்லை. தேடாமல் கிடைத்த இயைபு மலிவு. ஆறு வயதுப் பிள்ளைக்கே அது தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

சரி, கொஞ்சம் மாற்றி எழுதுவோம் என்று கையெழுத்துப் படியை மேசையில் பரப்பினோம். அப்போதுதான் தங்கை ஒன்றைக் காட்டினாள். அவள் ஒவ்வொரு விரிப்புக்கும், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கத்துக்கும், யார் யார் வருகிறார்கள் என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தாள், படம் போடுவதற்காக. அந்தக் குறிப்பு இப்படிப் போயிற்று: பூனை, பூனை, மீனா, பூனை, மீனா, மீனா, பூனை. 'அக்கா, ரெண்டு பேரையும் சேத்து வரையவே நீங்க எடம் குடுக்கலையே' என்றாள்.

பார்த்தால் உண்மை. 44 வரிகளில் மீனாவும் பூனையும் ஒரே ஈரடியில் சேர்ந்து ஏதாவது செய்யும் இடம் ஒன்றுகூட இல்லை. கூட்டாளிகளைப் பற்றிய புத்தகத்தில் கூட்டாளிகள் சண்டைக்காரர்கள் மாதிரி ஆளுக்கு ஒரு பக்கமாக நின்றார்கள்.

காரணம் இலக்கணத்தில் இருந்தது

இது தற்செயல் அல்ல. மீனா உயர்திணை, அவள் வந்தாள். பூனை அஃறிணை, அது வந்தது. 'ஆள்' என்று முடியும் வரியும் 'அது' என்று முடியும் வரியும் எக்காலத்திலும் ஒன்றாது. வரி முடிவில்தான் ஓசை ஒன்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததால், என்னை அறியாமலே மீனா வரிகளை ஒரு கட்டாகவும் பூனை வரிகளை இன்னொரு கட்டாகவும் பிரித்துவிட்டேன். இயைபு எங்களைத் திணைவாரியாக உட்கார வைத்துவிட்டது.

பிள்ளைகள் படிக்கும் மற்ற மொழிகளில் இந்தத் தொல்லை கிடையாது. மலாயில் மீனாவுக்கும் 'டத்தாங்', பூனைக்கும் 'டத்தாங்'. ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். ஏன், நம் பக்கத்து மொழியான மலையாளத்தில்கூட வினைக்கு இந்த விகுதி இல்லை, அவளும் வந்நு, பூச்சையும் வந்நு. வளர்ப்புப் பிராணியையும் வளர்ப்பவரையும் பற்றி வரி முடிவில் இயைபு போடும் வழக்கம் அந்த மொழிகளுக்குப் பொருந்தி வருகிறது. அதை அப்படியே எடுத்துத் தமிழில் வைத்ததுதான் நான் செய்த முதல் தவறு.

மூன்று வழிகளைச் சோதித்தோம். மூன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் தோற்ற வழிகளில்தான் எனக்குப் பாடம் அதிகம்.

முதல் வழி, பூனையை உயர்திணைக்கு ஏற்றுவது. இதற்கு நன்னூலிலேயே இடம் இருக்கிறது என்று ஐயா சொன்னார். உவப்பினாலும் உயர்வினாலும் சிறப்பினாலும், சினத்தாலும் இழிப்பினாலும்கூட, திணையும் பாலும் மாறி வரலாம் என்று பவணந்தி முனிவர் விதி செய்திருக்கிறார். அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. ஒருவர் தம் பசுவைப் பார்த்து மகிழ்ந்து 'என் அம்மை வந்தாள்' என்கிறார். மாட்டை வளர்த்தவர்கள்தான் இந்த விதியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆகவே பூனையும் 'வந்தாள்'. எழுதினேன், வாசித்தேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கினாள். 'டீச்சர், யாரு பால் குடிச்சா? மீனாவா?' இரண்டு 'அவள்' ஒரே பாட்டில் இருந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? பூனையை ஆண் பூனையாக்கினால் 'வந்தான்'. அது 'வந்தாள்' உடன் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. அந்த வழி மூடியது.

இரண்டாவது வழி, நேர் எதிர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்கள்: 'அக்கா வந்துச்சு', 'அம்மா சொல்லுச்சு', 'பூனை தூங்குச்சு'. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, வீட்டுப் பேச்சு அது. அந்தப் பேச்சில் திணைச் சண்டையே இல்லை. அக்காவும் பூனையும் ஒரே விகுதியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். நன்னூல் மாட்டை அம்மையாக்கியது, எங்கள் மாடி அம்மாவை அஃறிணையாக்கியது. பேசாமல் அப்படியே எழுதிவிடலாமே என்று எனக்கு ஆசை. ஐயா இலக்கணத்திலேயே இன்னொரு கதவைத் திறந்தார். 'செய்யும்' என்னும் முற்று ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலவின்பால் நான்குக்கும் பொதுவாக வரும். 'மீனா ஓடும், பூனை ஓடும்' என்பது பிழையே இல்லை. வாசித்துக் காட்டினோம். பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒரு தாயார்தான் முகம் சுளித்தார். 'பேசறது வேற டீச்சர். புத்தகத்துல பிள்ளைய அது இதுன்னு எழுதினா நல்லாவா இருக்கு?' அவருக்கு முற்று வினை பற்றி வகுப்பு எடுப்பதில் பயன் இல்லை. வாங்கப் போவது அவர்தான்.

மூன்றாவது வழியில்தான் புத்தகம் பிழைத்தது. ஓசையை வரியின் வாலிலிருந்து எடுத்துத் தலையில் வைத்தோம்.

மீனா, பூனை, வானம், தீனி

தமிழில் எதுகை என்றால் வரியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. 'மீனா' என்று பெயர் வைத்தது தற்செயல். ஆனால் எழுதிப் பார்த்தால் மீனாவுக்கும் பூனைக்கும் முதல் எழுத்து நெடில், இரண்டாம் எழுத்து னகர வருக்கம். பக்கத்தில் வைத்தால் இரண்டும் தாமாகக் கை கோத்துக்கொள்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் இந்தக் குடும்பம் பெரியது: வானம், யானை, பானை, பேனா, தேன், மீன், மான், சீனி, தீனி. பெயரை 'தர்ஷினி' என்று வைத்திருந்தால் இன்னும் எதுகை தேடிக்கொண்டுதான் இருப்பேன். இப்போதைய பிள்ளைகளின் பெயர்கள் வெண்பா எழுதுபவர்களுக்கு விரோதமானவை.

தலையில் ஓசை வந்ததும் வால் விடுதலையாகிவிட்டது. வரியை வினைமுற்றில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. அப்புறம்தான் ஐயா ஒரு பழைய கருவியை எடுத்துக் கொடுத்தார்: செயவென் எச்சம். ஓட, பதுங்க, சாத்த, நனைய. இதற்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை. மீனா சாத்த, பூனை பதுங்க. பக்கத்து வரிகளில் இரண்டு பேரும் சரிசமமாக. மழைப் பக்கம் இப்படி ஆனது:

வானம் இடிக்க, வாசல் நனைய,
மீனா ஜன்னல் ஓடிச் சாத்த,
பூனை கட்டில் அடியில் பதுங்க,
போர்வை ஒன்று, மூக்கு இரண்டு!

முதல் மூன்று வரிக்கு எதுகை. நான்காம் வரி எதுகையை விட்டுவிட்டுப் பூவுக்குப் போ என்று மோனைக்குத் தாவுகிறது. வினையே இல்லாமல் முடிகிறது. இந்தத் தாவலில்தான் சிரிப்பு இருக்கிறது என்பது வாசித்தபோது தெரிந்தது. எச்சங்கள் அடுக்கிக்கொண்டே போகும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஏதோ ஒன்று முடியாமல் தொங்குகிறது, அடுத்தது என்ன? தங்கை உடனே நான்காம் வரியைப் பக்கம் திருப்பிய பிறகு வரும்படி தள்ளிவிட்டாள். முதல் விரிப்பில் இடி, மழை, ஓட்டம். திருப்பினால் பக்கம் முழுக்க ஒரே போர்வை, அதன் விளிம்பில் இரண்டு மூக்கு, ஒன்று மாநிறம், ஒன்று இளஞ்சிவப்பு. அந்த ஒரு பாட்டுக்கு இரண்டு விரிப்பு செலவானதால் ஒரு பாட்டையே வெட்ட வேண்டி வந்தது. 24 பக்கத்தில் முதல் பக்கம் தலைப்பு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரம், நடுவில் 11 விரிப்பு. கூட்டிக் கொடுக்க வழி இல்லை, ஏனென்றால் நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் ஏறும்.

இன்னொரு ஈரடி ஐயாவுடையது. அவர் தேநீர் கலக்கிக்கொண்டே சொன்னார்:

சீனி டப்பா திறந்தால் தூக்கம்,
தீனி டப்பா திறந்தால் ஓட்டம்!

யார் தூங்கினார், யார் ஓடினார் என்று வினை இல்லை, விகுதி இல்லை. படத்தைப் பார்த்தால் தெரியும். பூனை வளர்ப்பவர்களுக்குப் படமும் வேண்டாம். எந்த மூடி எந்தச் சத்தம் போடும் என்று அதற்கு அத்துப்படி. இதில் அறிவியலும் சரியாக இருந்தது. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது, அதை உணர வேண்டிய மரபணு அவற்றில் வேலை செய்வதில்லை என்று 2005-ல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஐயாவுக்கு அது தெரியாது, அவர் தம் வீட்டுப் பூனையைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு பாட்டை இழந்ததில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. 'ஏணி மேலே மீனா ஏற' என்று ஒரு வரி. தங்கை வரைந்த படங்களிலேயே சிறந்தது அதற்குத்தான். ஏணியின் ஒவ்வொரு படியிலும் பூனை ஒரு தரம், ஏழு பூனை. ஐயா ஒரே சொல்லில் தள்ளினார்: 'டண்ணகரம்.' ஏணியில் ண, மீனாவில் ன. ஓசையில் எனக்கும் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே கேட்கவில்லை. வாய்விட்டு வாசிக்கும் புத்தகத்துக்குக் காதுதானே நீதிபதி என்று வாதாடினேன். 'எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளை இரண்டையும் ஒரே ஜோடியாகப் பார்க்கும், பிறகு பரீட்சையில் அப்படியே எழுதும்' என்றார். முப்பது வருடம் ணகர னகரம் திருத்தியவரிடம் என்ன சொல்ல? ஏணி போனது. இன்றும் நான் சொல்வேன், அவர் பிடிவாதம்.

திண்ணை, பால், நூல்கண்டு, வால்

எழுத்தில் இருந்த மற்ற தவறுகள் பெரும்பாலும் எனக்குள் ஊறிப்போன பழைய பாட்டுகளிலிருந்து வந்தவை. முதல் படியில் பூனை திண்ணையில் தூங்கியது. பதினான்காம் மாடியில் திண்ணைக்கு எங்கே போக? 'திண்ணைன்னா என்ன டீச்சர்?' என்று கேட்டதும் செருப்புத் தட்டு என்று மாற்றினேன். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளில் வசிக்கும் பிள்ளையாக இருந்தால் ஐந்தடிப் பாதை, அதாவது கடைவீட்டு வாசலில் கூரைக்குக் கீழே போகும் நடைபாதை, என்று எழுதியிருக்கலாம்.

பால் பற்றி ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிறு கெடும். தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். நம் பாட்டுகளில் பூனை இல்லாமல் பால் இல்லை, பால் இல்லாமல் பூனை இல்லை. அதை எடுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. நூல்கண்டும் அப்படியே, விழுங்கினால் குடலில் சிக்கும். அதற்குப் பதில் காலி அட்டைப் பெட்டி வந்தது. எந்தப் பூனைக்கும் அதைவிடச் சொர்க்கம் கிடையாது.

வால் கதை தனி. தங்கை முதலில் வரைந்த பூனைக்கு நீளமான, நேரான, நுனி மட்டும் வளைந்த அழகான வால். வாசிப்பு நாளில் படத்தைக் காட்டியதும் 'தது' பையன் எழுந்து வந்து விரலை வைத்தான். 'இது எங்கூரு பூனை இல்ல லா. வால் ஒடைஞ்சிருக்கணும்.' எல்லோரும் ஆமாம் என்றார்கள். கீழே இறங்கிக் குப்பைத் தொட்டிப் பக்கம் போய் எண்ணினோம். நான்கு பூனை, ஒன்றுக்குத்தான் முழு வால். ஒன்றுக்குப் பாதி, ஒன்றுக்கு முயல் மாதிரி ஒரு குச்சம், ஒன்றுக்கு நுனியில் முடிச்சு. யாரோ அடித்து ஒடித்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள், நானும்தான். அது பிறவி. மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளின் வால் பாதி நீளத்தில், பெரும்பாலும் நுனியில் முடிச்சோடு இருக்கும் என்று டார்வின் 1868-ல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கிறார்.

'நான் பாத்து வரைஞ்சதெல்லாம் நெட்டுல இருக்கற பூனை அக்கா' என்றாள் தங்கை. பாவம், அவள் மட்டுமா? நான் தமிழ்நாட்டுத் திண்ணையில் ஆங்கில இயைபை உட்கார வைத்தவள். ஆர்மேனியன் தெருப் பக்கம் போய், 2013 ஜார்ஜ் டவுன் விழாவுக்காகத் தெருவிலங்குகளுக்கு ஆதரவாகச் சுவர்களில் வரைந்த பூனைகளை ஒரு மாலை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தாள். அதன் பிறகு எங்கள் பூனை உட்காரும் விதமே மாறியது. பஞ்சு பொம்மை மாதிரி இருந்தது, முதுகெலும்பு உள்ள பூனையாக வந்தது. 11 விரிப்பிலும் வாலைத் திருத்தினாள், நுனியில் முடிச்சோடு.

பிள்ளைகள் உடனே அந்த முடிச்சுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். பக்கம் திருப்பியதும் முதலில் வால் எங்கே என்று தேடுவார்கள். நாங்கள் திட்டமிட்டதல்ல.

அச்சகத்தில் பூனை உடைந்தது

எழுத்து முடிந்தது, படம் முடிந்தது, தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். வாங்கியாயிற்று. அச்சகத்திலிருந்து மெய்ப்பு, அதாவது சரிபார்க்கும் மாதிரிப் படி, வந்தது. அட்டையைப் பார்த்தேன், 'மீனா' சரியாக இருந்தாள். 'பூனை' இல்லை. னகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய சங்கிலிக் கொம்பு அதன் பின்னால் போய் நின்றது. உள்ளேயும் அப்படியே. கொம்பு வருகிற எழுத்தெல்லாம் உடைந்திருந்தது. மீனாவில் கொம்பு இல்லாததால் அவள் மட்டும் தப்பித்தாள். மறுபடியும் அவள் ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம்.

நடந்தது என்னவென்றால், அச்சகத்தில் பக்கம் கட்டியவர் எங்கள் எழுத்தைப் பிரதி எடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டியிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, குறை சொல்ல முடியாது. இன்டிசைன் மென்பொருளில் தமிழ் மாதிரி எழுத்துகளுக்கு வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று தனி அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் யூனிகோடில் சேமித்த வரிசையிலேயே எழுத்துகளை நிறுத்திவிடும். யூனிகோடு வரிசையில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. நாம் எழுதும்போதோ கொம்பு முன்னால். இந்த இடமாற்றத்தைச் செய்யத்தான் அந்த அமைப்பு. எங்கள் தவறு வேலைக் கோப்பைக் கொடுத்தது. எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப். கொடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை. மறு மெய்ப்புக்கு இரண்டு வாரம் போனது.

ஐயா அந்த உடைந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் படித்த காலத்தில் னை, ணை, லை, ளை நான்குக்கும் ஐகாரம் யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டி வளைந்திருக்கும். 1978-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சீர்திருத்தத்தில் அது கொம்பாக மாறியது, பிறகு இங்கேயும் வந்தது. 'அந்தக் காலத்துப் பூனைக்கு எழுத்திலேயே வால் இருந்தது' என்றார். அட்டையில் அப்படியே போடலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம், பிள்ளைகள் பிழை என்று நினைக்கும் என்று இம்முறை நான் தடுத்தேன்.

300 பிரதி அடித்தோம். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், பள்ளிக்குப் பத்து என்று கணக்கு. அச்சான நூலில் ஐந்து பிரதியைத் தேசிய நூலகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதற்கு ஐந்து. மீதி எங்கள் மாடிக்கு.

பாய் விரித்த நாள்

அச்சான புத்தகத்தோடு சனிக்கிழமை உட்கார்ந்தோம். 'தது' பையன் முன்வரிசை. முதல் பாட்டு முடிந்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தான், பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது பாட்டில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். நான் பக்கம் திருப்பியதும், வரியைத் தொடங்குவதற்கு முன்பே, 'மீனா' என்றால் 'பூனை' என்றான். ஒருவன் முதல் சொல், இன்னொருவன் அடுத்த வரியின் முதல் சொல் என்று இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டார்கள். வரியின் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு இப்போது அவகாசம் இருந்தது, ஏனென்றால் கத்தல் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.

வீட்டில் அதிகம் தமிழ் பேசாத பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். பாட்டு முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. போர்வைப் பக்கத்தில் மட்டும் கிட்ட வந்து, ஒரு மூக்கைத் தொட்டு 'மீனா' என்றாள். இன்னொன்றைத் தொட்டு 'பூனை' என்றாள். பிறகு இரண்டு விரலையும் இரண்டு மூக்கிலும் வைத்து, 'ரெண்டு பேர்' என்றாள். ஐயா திருத்துவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் 'தது' பையன் புத்தகத்தை வாங்கிப் பின்னட்டையைத் திருப்பியிருந்தான். அங்கே ஒரு சின்னப் பூனை, திரும்பி உட்கார்ந்த மாதிரி. உள்ளே 11 விரிப்பையும் திருத்தியவர்கள் பின்னட்டையை மறந்துவிட்டோம். வால் நீளமாக, நேராக, முடிச்சில்லாமல் இருந்தது.

'டீச்சர்' என்றான், 'இது வேற பூனை.'